“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” – வரலாற்று மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த இதழில் கல்லூரியில் வரலாறு படிப்பவர்களின் கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில் எழுதுபவர் கும்பகோணத்தில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியை.

கேள்வி: மேடம், நான் எம்.ஏ. வரலாறு முதலாம் ஆண்டு. ஆய்வுக் கட்டுரைக்கு ‘சோழர் காலச் சமுதாயம்’ என்று தலைப்புக் கொடுத்தேன். “இது ரொம்பப் பெரிசு, குறுக்கிக்கொண்டு வா” என்று சார் சொல்லிவிட்டார். புத்தகங்களில்தான் எல்லாமே இருக்கிறதே, புதிதாக நான் என்ன எழுத முடியும்?
– மாணவி, திருவாரூர்

பதில்: சார் சொன்னது சரிதான் அம்மா. சோழர் காலம் என்றால் நானூறு ஆண்டுகள், ஆயிரக்கணக்கான கல்வெட்டுகள். அதை இருபது பக்கத்தில் எழுதப்போனால் மற்றவர்கள் சுருக்கி வைத்ததை இன்னொரு முறை சுருக்கத்தான் முடியும். தலைப்புத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். ஒரே ஒரு ஆதாரத்தைக் கையில் எடுத்துப் பொறுமையாகப் படியுங்கள். கேள்வி அதிலிருந்து வரும்.

பக்கத்திலேயே தஞ்சைப் பெரிய கோயில் இருக்கிறது. அதன் கல்வெட்டுகள் என்றாலே எல்லோரும் “நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்” என்ற வரியை எழுதிவிட்டு, ராஜராஜன் பெருந்தன்மையானவன் என்று முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அதைத் தாண்டிப் போங்கள். கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியல் ஒன்று வரும். சோழநாட்டில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி கிடையாத நிலம் இவ்வளவு, மிச்சத்துக்கு இவ்வளவு நெல், அதையும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்க வேண்டும் என்று போகும். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வரி கிடையாத நிலம் எதெது என்று பெயர் சொல்லும் இடத்தில் நின்று பாருங்கள். ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊரை ஊடறுத்துப்போன வாய்க்கால், கம்மாணச்சேரி (கம்மாளர் குடியிருப்பு), பறைச்சேரி, சுடுகாடு. சில ஊர்களில் ஈழச்சேரி (கள் இறக்குபவர்களின் குடியிருப்பு), தீண்டாச்சேரி. சில ஊர்களில் வெள்ளான் (வேளாளர்) சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பு இந்த டெல்டாவில் யார் எங்கே குடியிருந்தார்கள், செத்த பிறகு யாரை எங்கே எரித்தார்கள் என்று வரிக்கணக்கு எழுதியவன் குறித்து வைத்திருக்கிறான். சமுதாயத்தைச் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குத் துளியும் கிடையாது. அதனால்தான் நான் அவனை நம்புகிறேன்.

இப்போது உங்கள் கேள்வி சின்னதாகிவிட்டது: ‘பெரிய கோயில் கல்வெட்டு குறிப்பிடும் சோழநாட்டு ஊர்களில் எத்தனையில் தனிச்சேரி சொல்லப்படுகிறது, எத்தனையில் தனிச்சுடுகாடு?’ ஒரு பெரிய தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். ஊர் ஒரு பக்கம், சேரி, சுடுகாடு, குளம், வாய்க்கால் இன்னொரு பக்கம். கல்வெட்டை வரி வரியாகப் படித்து நிரப்புங்கள். மூலபாடம் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. கல்வெட்டு அறிஞர் ஹுல்ட்ஷ் 1891இல் தொடங்கிப் பகுதி பகுதியாக வெளியிட்டது. நல்ல கல்லூரி நூலகங்களில் கிடைக்கும்.

டெல்டாப் பிள்ளை என்பதால் உங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. கல்வெட்டில் வரும் நில அளவுகளில் ஒரு வேலிக்கு இருபது மா என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். மூன்று மா ஓர் ஏக்கர் என்று வீட்டில் பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதற்குக் கீழே காணி வேலியில் எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இந்தப் பின்னங்களைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் மிரளுவார்கள். நீங்கள் ஒரு நாள் உட்கார்ந்தால் போதும், பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஓர் ஊரின் பட்டியலில் பறைச்சேரி இல்லை என்றால், அந்த ஊரில் சேரியே இல்லை என்று எழுதிவிடாதீர்கள். அது வரி கிடையாத நிலத்தின் பட்டியல். அதில் பெயர் வராததற்கு வேறு காரணங்களும் இருக்கலாம். கல்வெட்டு சொல்வது எது, நீங்கள் ஊகிப்பது எது என்று வாசகருக்குத் தெரியும்படி பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று உங்களையே கேளுங்கள். பதில் சொல்ல முடியாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடித்துவிடுங்கள்.

கேள்வி: நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலுக்கு மதிப்புரை எழுதச் சொன்னார்கள். அதிகாரம் அதிகாரமாகச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். “சுருக்கம் இருக்கிறது, மதிப்புரை எங்கே?” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய அறிஞரிடம் நான் எப்படிக் குறை கண்டுபிடிப்பது?
– மாணவர், மயிலாடுதுறை

பதில்: தம்பி, குறை கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் உங்களைக் கேட்கவில்லை. அவர் என்ன சொல்கிறார், எதை வைத்துச் சொல்கிறார், அந்த ஆதாரம் அந்த முடிவைத் தாங்குமா என்று பாருங்கள். மதிப்புரை அவ்வளவுதான். நூலின் சுருக்கம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது.

முதலில் அந்த நூல் எப்போது வந்தது என்று பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டு தொகுதிகளாக 1935இலும் 1937இலும் வந்தது. திருத்திய பதிப்பு 1955இல். முதலில் வந்தபோது நாடு இன்னும் விடுதலை அடையவில்லை. நம் மன்னர்களுக்கும் ஒழுங்கான நிர்வாகம் இருந்தது, நம் ஊர்ச்சபைகள் தம்மைத் தாமே ஆண்டன என்று காட்ட வேண்டிய தேவை அந்தத் தலைமுறைக்கு இருந்தது. நூலில் வலிமையான மைய அரசும் இருக்கிறது, உயிர்ப்புள்ள ஊர்ச்சபையும் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இயங்க முடியும்? மதிப்புரைக்கு இந்த ஒரு கேள்வியே போதும். இதை நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள் என்றும் இல்லை. 1980இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன், காவிரிக்கரையின் மையப் பகுதியைத் தாண்டினால் சோழ மன்னனின் பிடி பெரும்பாலும் சடங்கு அளவில்தான் இருந்தது, உண்மையான அதிகாரம் அந்தந்த ‘நாடு’ எனப்பட்ட ஊர்த்தொகுதியின் நாட்டாரிடம் இருந்தது என்று வாதிட்டார். வரலாற்றாசிரியர் எ. சுப்பராயலு 1973லேயே சோழநாட்டில் இருந்த இந்த நாடுகளை வரைபடத்தில் குறித்துக் காட்டியிருந்தார். பிறகு அவரும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களையும் அதிகாரிகளின் பட்டங்களையும் எண்ணிப் பார்த்து, ராஜராஜன் காலத்திலிருந்து மைய அரசு வலுப்பெற்றதை எடுத்துக்காட்டினார்கள்.

எனக்குப் பிடித்தது இந்த எண்ணும் வேலைதான். ஸ்டைனின் வாதம் படிக்கக் கவர்ச்சியாக இருக்கும், ஆனால் கல்வெட்டுகளை இப்படி வரிசைப்படுத்திப் பார்த்த பிறகு அது அப்படியே நிற்கவில்லை என்பது என் கருத்து. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம். காரணம் மட்டும் சொல்ல வேண்டும்.

சாஸ்திரியார் மீது மரியாதை இருந்தால் அவருடைய அடிக்குறிப்புகளைப் படியுங்கள். அப்போது அச்சாகாமல் கல்வெட்டுத் துறையில் படியாகவே கிடந்த எத்தனையோ கல்வெட்டுகளை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார். ஓர் அதிகாரத்தைத் தேர்ந்துகொண்டு அதன் அடிக்குறிப்புகளில் நாலைந்தை மூலத்தில் தேடிப் பாருங்கள். கல்வெட்டு சொல்வதற்கும் அவர் எழுதியதற்கும் இடைவெளி இருக்கிறதா, இல்லையா? எது கிடைத்தாலும் எழுதுங்கள். மதிப்புரை அங்கேதான் ஆரம்பமாகிறது.

கேள்வி: 1930 உப்பு சத்தியாகிரகத்தின்போது, தொண்டர்களுக்குச் சாப்பாடு போடக் கூடாது என்று போலீஸ் மிரட்டியதால் என் கொள்ளுத்தாத்தா சோற்றுப் பொட்டலத்தை மரத்தில் கட்டி வைத்தார் என்று தாத்தா சொல்வார். கட்டுரையில் எழுதினால் ‘ஆதாரம் இல்லை’ என்கிறார்கள். விட்டுவிடவா?
– மாணவர், வேதாரண்யம்

பதில்: விடவே விடாதீர்கள். ஆனால் அதை அது எதுவோ அதாகவே எழுதுங்கள். அது ஒரு குடும்பத்தின் நினைவு. தாத்தா எந்த ஆண்டு பிறந்தார், இதை யாரிடம் கேட்டார், நீங்கள் எந்தத் தேதியில் அவரிடம் கேட்டுப் பதிவு செய்தீர்கள் என்று குறிப்பிட்டால் அதுவும் ஆதாரம்தான். தாத்தா இருக்கும்போதே செல்போனில் பதிவு செய்யுங்கள், இந்த வாரமே.

அப்புறம் அதை மற்ற ஆதாரங்களோடு பொருத்துங்கள். ராஜாஜி தலைமையில் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்டவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் வந்தார்கள். 30ஆம் தேதி உப்பு எடுத்தார்கள். தொண்டர்களுக்கு உணவோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அறிவித்தவர் அப்போதைய தஞ்சை கலெக்டர் தார்ன். ஆக, தாத்தாவின் கதைக்குப் பின்னால் அரசாங்க உத்தரவு ஒன்று நிற்கிறது. அந்த மாதத்துப் பத்திரிகைகளையும், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள அரசாணைகளையும் பார்க்க வேண்டும். துறைத்தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

மரத்தில் பொட்டலம் கட்டிய கதை பல ஊர்களில் சொல்லப்படுகிறது. அதனால் உங்கள் வீட்டுக் கதை பொய் என்று ஆகிவிடாது. எந்தெந்த ஊரில் சொல்கிறார்கள், அந்த ஊர்கள் நடைபயண வழியில் இருந்தனவா என்று குறித்துப் பாருங்கள். இன்னொன்றும் கேளுங்கள்: அந்தச் சோற்றை வடித்தது யார்? கொள்ளுப்பாட்டியின் பெயர் தாத்தாவுக்குக் கட்டாயம் தெரியும். பண்ணையில் வேலை செய்த குடும்பங்களிலும் போய்க் கேளுங்கள். அதே ஏப்ரல் மாதம் அவர்களுக்கு எப்படி இருந்தது என்று யாரும் எழுதி நான் அதிகம் படித்ததில்லை. நீங்கள் எழுதினால் முதல் ஆளாக வாங்கிப் படிப்பேன்.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ நாவலை ஆதாரமாகக் காட்டலாமா?
– மாணவி, சிதம்பரம்

பதில்: பத்தாம் நூற்றாண்டுக்குக் காட்டக் கூடாது. அது தொடர்கதையாக வந்த 1950 முதல் 1954 வரை வாராவாரம் தமிழர்கள் சோழர்களை எப்படிக் கற்பனை செய்துகொண்டார்கள் என்று எழுதுவதானால் தாராளமாகக் காட்டலாம். அது நல்ல தலைப்பும்கூட. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலைக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே, காட்டுமன்னார்கோயில் உடையார்குடியில், கல்வெட்டு இருக்கிறது. ‘துரோகிகளான’ சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோருடைய உறவினர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டதை அது சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

கேள்வி: அடிக்குறிப்புகளை செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாமா, மேடம்?
– மாணவர், பட்டுக்கோட்டை

பதில்: இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணோடு அடிக்குறிப்பு கொடுத்துவிடும். நூலை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களே பார்த்திருந்தால் மட்டும் எழுதுங்கள். வேறொருவர் நூல் வழியாகத் தெரிந்துகொண்ட கல்வெட்டு என்றால், யார் நூலில் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்களோ அதைக் குறிப்பிடுங்கள். நேரில் பார்த்தது மாதிரி கல்வெட்டு எண்ணை மட்டும் போட வேண்டாம்.