பெயர் காலியாக இருக்கிறது, ஆனால் உங்களுடையதா?

கேள்வி: பெருந்துறைப் பக்கம் 6 வருடமாக மரச்செக்கு எண்ணெய் ஆட்டி, 'தாழைமடல்' என்ற பெயரில் விற்கிறேன். தம்பியையும் சேர்த்துக்கொண்டு இதைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக்கப் போகிறோம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் தேடினேன்; அந்தப் பெயரில் கம்பெனி எதுவும் இல்லை. பதிவு வேலை பார்ப்பவர், "பெயர் கிளியர், லேபிளுக்கு ஆர்டர் கொடுத்துவிடுங்கள்" என்கிறார். ஆனால் போன வாரம் கோவையில் ஒரு கடையில் கிட்டத்தட்ட இதே பெயரில் நல்லெண்ணெய் பாட்டிலைப் பார்த்ததாக மச்சான் சொல்கிறார். பதிவுச் சான்றிதழ் வந்துவிட்டால் பெயர் எங்களுடையதுதானே, வக்கீல் ஐயா?

பதில்: முதலில் லேபிள் ஆர்டரை நிறுத்தி வையுங்கள். (உங்கள் கடையின் உண்மையான பெயரை இங்கே மாற்றியிருக்கிறேன்.)

சான்றிதழ் வந்தால் பெயர் உங்களுடையது ஆகிவிடாது. நீங்கள் தேடிய இடத்தில் கம்பெனிகளும் எல்எல்பிகளும் (பொறுப்பு வரையறுக்கப்பட்ட கூட்டு நிறுவனங்கள்) மட்டும்தான் இருக்கும். உங்களைப் போலத் தனி ஆளாகக் கடை நடத்துபவரோ, கூட்டு வியாபாரம் செய்பவரோ அங்கே தெரிய மாட்டார். நீங்களே 6 வருடமாக அந்தப் பெயரில் விற்றும் அந்தத் தேடலில் வரவில்லையே! கோவைக்காரரும் அப்படித்தான் இருக்கக்கூடும்.

தேடிய விதத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். 'பிரைவேட் லிமிடெட்' என்ற வால், பன்மை, இடைவெளி, புள்ளி, ஊர்ப்பெயர் இவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் அதிகாரிகள் இரண்டு பெயர்களை ஒப்பிடுவார்கள். 2014ஆம் ஆண்டு கம்பெனிப் பதிவு விதிகளில் 8ஆவது விதி அப்படித்தான் சொல்கிறது. 'தாழைமடல் ஈரோடு' என்று போட்டால் வேறு பெயர் ஆகாது. எழுத்தை மாற்றினாலும் உச்சரிப்பு ஒன்றாக இருந்தால் அதே பெயர்தான். நம் ஊர்ப் பெயர்களுக்கு இது பெரிய தலைவலி. 'ழ'வை ஆங்கிலத்தில் ஒருவர் 'இசட் எச்' போட்டு எழுதுவார், இன்னொருவர் ஒற்றை 'எல்' போடுவார். முதல் எழுத்துக்கு ஒரு 'ஏ'வா, இரண்டு 'ஏ'வா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் ஒரே ஒரு எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு 'இல்லை' என்று முடிவு செய்திருந்தால், அது தேடியதாகவே ஆகாது. ஒரு தாளில் எல்லா எழுத்துக்கூட்டலையும் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

அடுத்தது டிரேட்மார்க், அதாவது பொருளை அடையாளம் காட்டும் வணிகக் குறி. அதற்குத் தனிப் பதிவேடு, தனித் தளம். பொருள்களையும் சேவைகளையும் அங்கே எண்ணிட்ட வகுப்புகளாகப் பிரித்திருப்பார்கள். தேடக் கட்டணம் இல்லை. சமையல் எண்ணெய் 29ஆம் வகுப்பில் வரும், கடை வைத்து விற்பது 35இல். இரண்டிலும் பாருங்கள், உச்சரிப்பை வைத்துத் தேடும் வசதியையும் பயன்படுத்துங்கள். பதிவானவை மட்டுமல்ல, விண்ணப்ப நிலையில் இருக்கும் பெயர்களும் முக்கியம். அதே கம்பெனிப் பதிவு விதிகளின் 8ஏ விதிப்படி, இன்னொருவர் பதிவு செய்த அல்லது விண்ணப்பித்திருக்கும் டிரேட்மார்க்கை அவர் சம்மதம் இல்லாமல் கம்பெனிப் பெயராக வைக்க முடியாது.

அதிகாரி கவனிக்காமல் ஒப்புதல் கொடுத்துவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். கம்பெனிகள் சட்டம் 2013, 16ஆவது பிரிவின்படி டிரேட்மார்க் உரிமையாளர் உங்கள் கம்பெனி பதிவானதிலிருந்து 3 வருடத்துக்குள் கம்பெனி விவகார அமைச்சகத்தின் மண்டல இயக்குநரிடம் மனு போடலாம். உத்தரவு வந்தால் 3 மாதத்தில் பெயரை மாற்ற வேண்டும். மாற்றாமல் இருந்தால் அரசே ஒரு பெயர் வைத்துவிடும். என்ன பெயர் தெரியுமா? 'ஓஆர்டிஎன்சி', அதன் பின்னால் வருடம், வரிசை எண், கம்பெனியின் அடையாள எண். 'மண்டல இயக்குநரின் உத்தரவு நிறைவேற்றப்படவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. போர்டிலும் பில்லிலும் அதைத்தான் எழுத வேண்டியிருக்கும். எண்ணெய் டின்னில் அந்தப் பெயரைக் கற்பனை செய்து பாருங்கள். இது போக, டிரேட்மார்க்கைப் பதிவு செய்தவர் டிரேட்மார்க் சட்டம் 29(5)இன் கீழ் நீதிமன்றத்தில் தடை உத்தரவும் கேட்கலாம்.

சரி, கோவைக்காரர் விஷயம். யார் முதலில் அந்தப் பெயரில் விற்றார் என்பதுதான் கேள்வி. டிரேட்மார்க் சட்டம் 34ஆவது பிரிவு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைக் காப்பாற்றும். கோவைக்காரர் டிரேட்மார்க் பதிவு செய்திருந்தால், அவர் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, பதிவு செய்த தேதி இரண்டில் எது முந்தியதோ, அதற்கும் முன்னால் நீங்கள் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் பழைய பில் புத்தகம், முதல் லேபிள் அச்சடித்த அச்சகத்தின் ரசீது, ஜிஎஸ்டி சான்றிதழில் உள்ள வியாபாரப் பெயர், உணவுப் பாதுகாப்பு உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் தேடி எடுங்கள். ஜிஎஸ்டி எண்ணோ உத்யம் என்ற சிறுதொழில் பதிவோ பெயருக்கு உரிமை தராது, தேதிக்குச் சாட்சியாக மட்டும் நிற்கும்.

இன்னொன்று, இதைப் பலர் தவறவிடுகிறார்கள். அந்த 6 வருடப் பயன்பாடு உங்களுடையது. நாளைக்குப் பிறக்கப்போகும் கம்பெனியுடையது அல்ல. சட்டத்தின் கண்ணில் கம்பெனி வேறு ஆள். ஆகவே கம்பெனி உருவானதும் பெயரையும் அதன் வியாபார நற்பெயரையும் அதற்கு எழுத்து மூலம் மாற்றிக்கொடுங்கள். தம்பியோடுதானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

என் யோசனை இது. தேடலில் முட்டுக்கட்டை இல்லையென்றால், உங்கள் பெயரிலேயே டிரேட்மார்க்குக்கு விண்ணப்பியுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். எந்தத் தேதியிலிருந்து விற்கிறீர்கள் என்று பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்க்க வேண்டும். பிறகு நீங்களே சம்மதக் கடிதம் கொடுத்து, கம்பெனிப் பதிவுக்கான ஸ்பைஸ் பிளஸ் படிவத்தின் முதல் பகுதியில் பெயர் கேளுங்கள். கட்டணம் 1,000 ரூபாய், இரண்டு பெயர் தரலாம். இரண்டாவதைச் சும்மா நிரப்பாதீர்கள். முதல் பெயர் போனால் அதுதான் உங்கள் தலையில் வந்து விழும். ஒப்புதல் வந்த நாளிலிருந்து 20 நாள் பெயர் உங்களுக்காக ஒதுக்கி வைக்கப்படும், அதற்குள் மீதிக் காகிதங்களைப் போட்டுவிட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பு, மச்சானை அந்தக் கடைக்கு இன்னொரு முறை அனுப்பி ஒரு பாட்டில் வாங்கி வரச் சொல்லுங்கள், பில்லோடு. பின்பக்க லேபிளில் தயாரிப்பாளர் முகவரியும் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணின் 4, 5ஆவது இலக்கங்கள் உரிமம் வாங்கிய வருடத்தைக் காட்டும். அவர் எப்போது தொடங்கினார் என்பதற்கு அது முடிவான ஆதாரம் ஆகாது, ஆனால் நம் பில் புத்தகத்தை எந்த வருடத்திலிருந்து புரட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.