புது வண்டியில் எதைக் கழற்றுவது?

அன்புள்ள அம்மா,

சென்ற மாதம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வாங்கினேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் வங்கிக் கடனுமாகச் சேர்த்து எடுத்த வண்டி. அன்றிலிருந்து நண்பர்கள் விடுவதாக இல்லை. சைலன்சரை மாற்று, பின்சக்கரத்தில் துணி சிக்காமல் தடுக்கும் சேலை கார்டுக் கம்பியையும் பின்சீட்டுக் கைப்பிடியையும் கழற்று, கண்ணாடிகளை ஹேண்டில்பாரின் நுனிக்குக் கொண்டுபோ, பின் டயரை அகலமாகப் போடு என்கிறார்கள். அப்படியே ஓட்டினால் அது ஷோரூம் வண்டிதான், உன் வண்டி ஆகாது என்கிறார்கள். வாரண்டி முடியும்வரை எதையும் தொடாதே என்கிறார் அப்பா. ஒரு பொருளைத் தனக்கேற்ப மாற்றிக்கொள்வதும் ஒரு கலைதானே என்று எனக்கும் தோன்றுகிறது. என் அம்மாவை வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குக் கூட்டிப் போவேன்; மற்றபடி தனியாகத்தான் ஓட்டுகிறேன். மாற்றலாமா, அப்படியே விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், திண்டுக்கல்)

அன்புள்ள தம்பி,

வண்டிக்கு வாழ்த்துகள். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் வண்டியைத் துடைக்கும்போது கையில் வருகிற பெருமிதம் எனக்குத் தெரியும். அதை யாரும் குறைத்துப் பேச விடாதீர்கள், உங்கள் நண்பர்கள் உட்பட.

நான் உடனே பதில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் தெருமுனை மெக்கானிக் கடையின் சுவரோரம், கழற்றிப் போட்ட சேலை கார்டுகள் குவிந்து கிடக்கின்றன. சிலவற்றில் ஷோரூமில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். உங்கள் கடிதம் வந்துவிட்டது.

கலையா இல்லையா என்ற விவாதத்திற்குள் நான் வரப்போவதில்லை. கடையில் விற்கும் பாகத்தை வாங்கி, மெக்கானிக்கிடம் பணம் கொடுத்து மாட்டிக்கொள்வதில் உங்கள் கைவேலை எதுவும் இல்லை. வாரண்டி விஷயத்தில் அப்பா சொல்வது சரி. அகல டயரை விட்டுவிடுங்கள். இந்த வண்டியின் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மும் செயினும் 120 மில்லிமீட்டர் பின் டயருக்கென்று அமைக்கப்பட்டவை. கண்ணாடியைப் பொறுத்தவரை, பின்னால் வருவது முழுதாகத் தெரிகிற இடத்தில் அது இருக்கட்டும்.

சைலன்சருக்கும் நீண்ட பதில் தேவையில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பிஎஸ்6 மாசுக்கட்டுப்பாட்டு விதிப்படி வரும் வண்டிகளில் புகையைச் சுத்திகரிக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் புகைபோக்கிக் குழாயோடு சேர்ந்தே வருகிறது. ஆக்சிஜன் சென்சார் தரும் கணக்கைப் பார்த்துத்தான் வண்டிக்குள் இருக்கும் கணினி பெட்ரோலை அளந்து விடுகிறது. அந்தக் குழாயை எடுத்துவிட்டு வெறும் குழாயை மாட்டினால் கணக்கு குழம்பும், புகை கூடும், 20 குதிரைத்திறன் 20ஆகவேதான் இருக்கும். 175 சிசிக்கு மேற்பட்ட வண்டியின் ஓசைக்குத் தயாரிப்பு நிலையில் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 80 டெசிபல். அதை மீறி ஓட்டிப் பிடிபட்டால் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. உங்கள் தெருவில் கைக்குழந்தை உள்ள வீடு ஒன்றாவது இருக்கும். அந்த வீட்டுக்காரி இரவு பத்தரை மணிக்குப் பிள்ளையைத் தூங்கவைத்து எழும்போது நீங்கள் ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை. இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது சேலை கார்டுக்கு வருகிறேன். வாழ்நாளின் பெரும்பகுதி பின்சீட்டில் பயணம் செய்தவள் நான். அங்கிருந்து பார்க்கத் தெரிவது ஓட்டுகிற உங்களுக்குத் தெரியாது. நம் ஊரில் வண்டி சாலையின் இடப்பக்கம் போகிறது. இறங்குவதற்கு வசதியாகப் பெண்கள் இடப்பக்கம் பார்த்துத்தான் ஒருக்களித்து உட்காருகிறோம். அப்படி உட்கார்ந்தால் எங்கள் இடத்தோள் பின்சக்கரத்தின் பக்கம் வரும். முந்தானை தொங்குவதும் அதே தோளிலிருந்துதான். எதிர்க்காற்று அதை இழுத்துக்கொண்டு போகும் திசையிலேயே சக்கரத்தின் கம்பிகள் சுழன்றுகொண்டிருக்கின்றன. உங்கள் வண்டி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்சக்கரம் நொடிக்கு ஐந்து முறைக்கு மேல் சுற்றுகிறது. துணி மாட்டியது தெரிந்து அவள் கத்தி, அது ஹெல்மெட்டுக்குள் இருக்கும் உங்கள் காதில் விழுந்து, நீங்கள் பிரேக்கை மிதிப்பதற்குள் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் பெரியம்மா மகளுக்கு இது நடந்தது. மதுரையில், தொண்ணூறுகளின் தொடக்கத்தில். மாமா பையன் ஒருவன் ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தான். அழகாக இல்லை என்று சேலை கார்டை வாங்கிய வாரமே கழற்றிவிட்டான். ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், அக்காவின் பட்டுச்சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கி அவளைப் பின்பக்கமாக இழுத்துத் தள்ளியது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது, முழங்கைத் தோல் உரிந்தது. வண்டி நின்ற பிறகும் அவளால் எழுந்து நகர முடியவில்லை, ஏனென்றால் சேலை இறுகச் சுற்றிக்கொண்டு அவளை வண்டியோடு கட்டிப்போட்டிருந்தது. பக்கத்துத் தையல்கடைக்காரர் கத்தரியோடு ஓடிவந்து வெட்டி விடுவித்தார். பூக்காரம்மா ஒருவர் தன் மேல்துண்டைக் கொடுத்தார். மறுநாள் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, அச்சில் கயிறாகத் திரிந்திருந்த பட்டையும் ஜரிகையையும் பிளேடால் கீறிக் கீறி எடுத்ததை நான் நின்று பார்த்தேன்.

வீட்டில் எல்லோரும் யாரைத் திட்டினார்கள் தெரியுமா? அக்காவைத்தான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காரத் தெரியாதா என்று பெரியப்பா கேட்டார், மாமி கேட்டார், நலம் விசாரிக்க வந்தவர்களும் கேட்டார்கள். கம்பியைக் கழற்றியவனை ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்கா அதன்பிறகு எந்த இருசக்கர வண்டியிலும் ஏறவில்லை. அந்த அநியாயத்தின் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை; அதில் கொஞ்சம் உங்கள்மேல் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 123ஆம் விதி இந்தக் கம்பியைப் பற்றியதுதான். பின்னால் அமர்பவர் பிடித்துக்கொள்ள நிரந்தரமான கைப்பிடி வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், அவருடைய உடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு வேண்டும் என்று அது சொல்கிறது. மூன்றும் பின்னால் இருப்பவருக்கானவை. உங்கள் நண்பர்கள் கழற்றச் சொல்லும் பட்டியலில் இந்த மூன்றில் இரண்டு இருப்பது உங்களுக்கு உறைக்கவே இல்லையா?

இன்னொன்றும் சொல்கிறேன். உங்கள் வண்டியின் மூதாதை இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்தது. 1955இல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வேரூன்றி, தாய் நிறுவனம் அங்கே மூடப்பட்ட பிறகும் இங்கே நிலைத்தது. இன்று இதே வண்டி இங்கிருந்து அந்த நாட்டுக்கே ஏற்றுமதியாகிறது. அங்கே போகும் வண்டியில் சேலை கார்டு கிடையாது. உங்கள் நண்பர்கள் 'இன்டர்நேஷனல் லுக்' என்று சொல்வது அதைத்தான். நம் அம்மாக்களும் அக்காக்களும் உட்காரும் விதத்தை மனத்தில் வைத்து இந்த வண்டியில் சேர்க்கப்பட்ட பாகம் அது. வண்டியை உங்களுடையதாக்கிக்கொள்ள முதலில் அதையா கழற்றுவீர்கள்?

பெரும்பாலும் தனியாகத்தான் ஓட்டுகிறேன் என்று தயவுசெய்து மறுபடியும் எழுதாதீர்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்பேனர் எடுத்து அந்தக் கம்பியை மாட்டி, கோயிலுக்குப் போய்வந்து கழற்றப் போகிறீர்களா? ஒருமுறை கழற்றினால் அது மெக்கானிக் கடைச் சுவரோரம்தான் கிடக்கும். உங்கள் அம்மாவோ, மகனுடைய புது வண்டியின் அழகு கெடக்கூடாதென்று எதுவும் சொல்லாமல் முந்தானையை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்காருவார்.

ஆசைக்கு ஏதாவது செய்துதான் ஆகவேண்டும் என்றால், நிறுவனமே விற்கும் துணைப்பொருட்களில் முதுகுத்தாங்கி ஒன்று வாங்குங்கள். அதற்குமுன் அம்மாவைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போய், ஏறி உட்காரச் சொல்லி, ஒருக்களித்து உட்கார அது இடைஞ்சலாக இருக்கிறதா, கால் எங்கே எட்டுகிறது, கை எதைப் பிடிக்கிறது என்று கேளுங்கள். எட்டவில்லை என்றால் சேலை கார்டோடு சேர்த்துப் பொருத்தும் அகலமான கால்தட்டு கிடைக்கும்; அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். முதல் சர்வீசுக்கு விடும்போது அந்தக் கம்பியின் போல்ட்டுகளையும் இறுக்கச் சொல்லுங்கள். அதிர்வில் அவை தளர்வதுண்டு.

அன்புடன்.