மலைக்குளிரில் மலேரியா வராதா?

கேள்வி: டாக்டரம்மா, எங்கள் எஸ்டேட் லைனில் பக்கத்து வீட்டில் ஜார்கண்ட் பெண் ஒருத்தி இருக்கிறாள், கொழுந்து பறிக்கிறாள். தலைப்பிரசவம், ஐந்து மாதம். ஊருக்குப் போய்த் திரும்பிப் பன்னிரண்டு நாளாகிறது. இந்த வாரம் இரண்டு தடவை உடம்பெல்லாம் நடுங்கிக் காய்ச்சல் வந்துவிட்டது. இந்தக் குளிரில் மலேரியா ஏது, பனி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். என் மாமியாரோ, மலேரியாவுக்குத் தரும் கொய்னா (குயினைன்) மாத்திரை கருவைக் கலைத்துவிடும் என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கடிதத்தைப் படித்ததுமே உங்களைப் போனில் கூப்பிட்டு, இன்றே ரத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். இதே சந்தேகம் இன்னும் பல லைன்களில் இருக்கும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

கோத்தகிரி உயரத்தில் மலேரியா பரவுவது கஷ்டம், அதுவரை சரி. ஆனால் கொசு கடித்தது இங்கே இல்லையே, அங்கே. கடித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் காய்ச்சல் காட்டும், அதற்குள் ரயிலேறி மலைக்கு வந்துவிடலாம். வைவாக்ஸ் வகையாக இருந்தால் கல்லீரலில் பதுங்கியிருந்து மாதக்கணக்கில் கழித்தும் வரும். நம் அடிவாரக் காடுகளும் லேசுப்பட்டவை அல்ல. கொசுவையும் மலேரியாவையும் ஆராய்ந்த ரொனால்ட் ராஸ் 1897-ல் ஊட்டிக்கு வந்தபோது மலையடிவாரத்துச் சீகூர்ப் பக்கம் போய்வந்து, தானே மலேரியாவில் படுத்துவிட்டார்.

கர்ப்பிணிக்கு இது உயிர்ப்பிரச்சினை. மலேரியாவின் இன்னொரு வகையான ஃபால்சிபாரம் கிருமி புகுந்த ரத்த அணுக்கள் நஞ்சுக்கொடியில் போய் ஒட்டிக்கொள்கின்றன, அதனால் விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் சில சமயம் கிருமி தெரியாது, ஒருமுறை இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். சின்ன வயதிலிருந்தே மலேரியா கண்டு பழகிய உடம்புக்கும் நஞ்சுக்கொடியில் ஒட்டும் இந்த ரகம் புதிது, அதனால்தான் அந்த ஊர்களில் தலைப்பிரசவக்காரி அதிகம் அடிபடுகிறாள். மலேரியாவே பார்க்காத நம் பெண்களுக்கோ எத்தனையாவது பிரசவமானாலும் ஆபத்துதான். ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், மூளையையும் தாக்கும். இன்னொன்று, சத்தமில்லாமல் நடப்பது: ரத்தசோகை. வேறொருத்தி தாங்கிவிடும் பிரசவ ரத்தப்போக்கை இவளால் தாங்க முடியாது, சாவுக்குக் காரணம் ரத்தப்போக்கு என்று எழுதிவிடுவார்கள், மலேரியா கணக்கிலேயே வராது. இது எனக்குப் பொறுக்காத விஷயம்.

மாமியாரின் பயம் புரிகிறது. நடுவட்டத்தில் சிங்கோனா மரம் பயிரிட்டுக் கொய்னா எடுத்த மாவட்டம் இது, அந்த மருந்தைப் பற்றிப் பேச்சு இருக்கத்தான் செய்யும். ஆனால் டாக்டர் தரும் அளவில் கொய்னா கருவைக் கலைப்பதில்லை. மருந்து கொடுக்காமல் விட்ட காய்ச்சல்தான் கலைக்கிறது. இப்போது பெரும்பாலும் கொய்னாவே தருவதில்லை, வைவாக்ஸுக்குக் குளோரோகுயின், ஃபால்சிபாரத்துக்கு ஆர்டிமிசினின் கூட்டு மாத்திரை. கல்லீரலில் பதுங்கும் கிருமிக்குத் தரும் பிரைமாகுயின் மட்டும் கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது, ஆகவே பக்கத்து வீட்டில் மிச்சமிருந்ததை வாங்கிப் போடாதீர்கள்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம். மயக்கம், மூச்சுத்திணறல், கறுத்த சிறுநீர், வலிப்பு, இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், அந்தப் பெண்ணுக்குத் தமிழ் வராது என்று போனில் சொன்னீர்களே, ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று நீங்களே கூடப் போனால் நல்லது. இந்த மலையில் டாக்டருக்கும் மலேரியா சட்டென்று நினைவுக்கு வராது. உள்ளே போனதும் முதலில் “ஜார்கண்டிலிருந்து வந்து பன்னிரண்டு நாள், ஐந்து மாதம்” என்று சொல்லுங்கள்.