காபா, கிளைசின், அவற்றின் ஏற்பிகள்: கேள்வி பதில்

கேள்வி: காபா வந்து ஒட்டியதும் நரம்பணு ஏன் அடங்குகிறது? பாடப்புத்தகத்தில் 'குளோரைடு உள்ளே போகும்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பதில்: அந்த ஒரு வரியை விரித்துப் பார்த்தால்தான் புரியும். காபா, ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சமிக்ஞை சொல்ல வெளியிடும் வேதிப்பொருள், அதாவது கடத்தி. அது போய் ஒட்டும் புரதம்தான் ஏற்பி. காபா-ஏ ஏற்பி, ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நடுவில் ஒரு துளை விட்ட அமைப்பு. காபா ஒட்டினால் துளை திறக்கும். எதிர் மின்னூட்டம் உள்ள குளோரைடு அயனிகள் அதன் வழியே போகும்.

ஓய்வில் நரம்பணுவின் உட்புறம் சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்டில் இருக்கும். துடிப்பு எழ வேண்டுமென்றால் அது மைனஸ் 55 அருகே ஏற வேண்டும். குளோரைடு துளை திறந்திருக்கும்வரை அந்த ஏற்றம் சுலபமாக நடக்காது. மின்னழுத்தம் கீழே இறங்கினால்தான் தடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். துளி கூட இறங்காமலும் தடுப்பு நடக்கும்: கிளர்ச்சிச் சமிக்ஞை எவ்வளவு ஏற்றிவிட்டாலும், உள்ளே வரும் குளோரைடு அதை அங்கேயே தணித்துவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

கேள்வி: அப்படியானால் காபா என்றாலே தடுப்புதான், இல்லையா சார்?

பதில்: இல்லை, இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். முதிராத நரம்பணுக்களில் குளோரைடு உள்ளேயே நிறைய தேங்கியிருக்கும். அதை வெளியேற்றும் கேசிசி2 என்ற புரதம் பிறகுதான் போதிய அளவுக்கு வருகிறது. அதுவரை துளை திறந்தால் குளோரைடு வெளியே ஓடும், நரம்பணு கிளர்ச்சியடையும். அதே காபா, அதே மாதிரியான துளை, விளைவு மட்டும் நேர் எதிர். பச்சிளம் குழந்தைகளின் வலிப்புக்குக் காபா ஏற்பி வழியே வேலை செய்யும் பீனோபார்பிட்டால் மருந்து சில சமயம் சரியாகக் கேட்காததற்கு இதையும் ஒரு காரணமாகக் கருதுகிறார்கள்.

கேள்வி: காபா-பி?

பதில்: அது காபாவின் இன்னொரு வகை ஏற்பி. அதில் துளை கிடையாது. செல்லுக்குள் செய்தி கடத்தும் ஜி-புரதம் மூலம் பக்கத்துப் பொட்டாசியம் வாய்க்கால்களைத் திறக்கும், கால்சியம் வருவதைக் குறைக்கும். மெதுவானது, நீடிப்பது. தசை இறுக்கத்துக்குத் தரும் பாக்லோஃபென் இதன்மீதுதான் வேலை செய்கிறது.

கேள்வி: கிளைசின் எங்கே வருகிறது?

பதில்: அதுவும் காபா போல ஒரு தடுப்புக் கடத்திதான். முக்கியமாகத் தண்டுவடத்திலும் மூளைத்தண்டிலும். எட்டி விதையிலுள்ள ஸ்டிரைக்னின் என்ற நஞ்சு கிளைசின் ஏற்பியை அடைத்துவிடும். அப்புறம் லேசாகத் தொட்டாலே உடம்பு முழுக்க விறைக்கும். டெட்டனஸ் நஞ்சு ஏற்பியைத் தொடுவதே இல்லை. கிளைசினும் காபாவும் வெளிவருவதையே நிறுத்திவிடும். வழி வேறு, விறைப்பு ஒன்றுதான்.

கேள்வி: அம்மா பல வருடமாக டயசிபாம் எடுக்கிறார். இன்றோடு விட்டுவிடுகிறேன் என்று அடம்பிடிக்கிறார். விடலாமா?

பதில்: தயவுசெய்து ஒரேயடியாக நிறுத்த விடாதீர்கள். பதற்றத்தைத் தணிக்கத் தரும் டயசிபாம், காபா-ஏ துளையைத் தானாகத் திறக்காது. காபா இருக்கும்போது அது அடிக்கடி திறக்கும்படி செய்யும். வருடக்கணக்கில் எடுத்தால் ஏற்பிகள் அந்தத் துணைக்குப் பழகி, அது இல்லாமல் மந்தமாகிவிடும். திடீரென்று நிறுத்தினால் தடுப்பு குறைந்து தூக்கமின்மை, பதற்றம், நடுக்கம் வரலாம், வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்கிறபடி சிறிது சிறிதாகக் குறைப்பதுதான் சரி. மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும் காலம் முழுக்க மதுவும் கூடாது, இரண்டும் சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். விட வேண்டும் என்ற அவர் எண்ணம் நல்லதுதான், வேகம்தான் ஆபத்து.

கேள்வி: காபா மாத்திரையாகவே விற்கிறார்களே, சாப்பிட்டால் மனம் அமைதியாகுமா?

பதில்: இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடையைக் காபா எளிதில் தாண்டாது, அதனால் நான் அதை நம்பி வாங்க மாட்டேன். மூளை தனக்கு வேண்டிய காபாவைத் தானே, குளூட்டமேட்டிலிருந்து செய்துகொள்கிறது. மூளையின் முக்கியமான கிளர்ச்சிக் கடத்தி குளூட்டமேட்; ஒரு நொதி அதை ஒரே படியில் தடுப்புக் கடத்தியாக்கிவிடுகிறது! அந்த நொதிக்கு பி6 வைட்டமின் வேண்டும். 1950களின் தொடக்கத்தில், தயாரிப்புச் சூட்டில் பி6 அழிந்துபோன குழந்தை உணவைக் குடித்த சில பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்ததும் நின்றுவிட்டது.