வகுப்பில் ‘அ’ நடக்கிறது, பிள்ளை பேப்பர் படிக்கிறான்: ஒரு எல்கேஜி டீச்சரின் பதில்கள்

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது. எல்கேஜிக்கு வரும் முன்பே படிக்கத் தெரிந்துகொண்ட பிள்ளைகளின் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

டீச்சர், மகனுக்கு நாலு வயது. பஸ் போர்டு, கடைப் பலகை எதையும் விடமாட்டான், வாசித்துக்கொண்டே வருவான். வகுப்பில் இன்னும் உயிரெழுத்தே முடியவில்லை. “தெரிஞ்சதையே சொல்றாங்க, போகமாட்டேன்” என்கிறான். பள்ளியை மாற்றலாமா? (திருப்பூரிலிருந்து ஓர் அம்மா)

அவசரப்படாதீர்கள். ஜூன், ஜூலையில் எல்கேஜி வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். பாதிப் பேர் அம்மாவைத் தேடி அழுவார்கள். ஒருவன் பாத்ரூம் போகவேண்டும் என்று சொல்லத் தெரியாமல் நெளிவான், இன்னொருத்திக்கு டிபன் பாக்ஸ் மூடி திறக்காது. இதெல்லாம் அடங்கும்வரை பாடம் மெதுவாகத்தான் போகும். அந்த மாதங்களின் பாடமே அதுதான். உங்கள் மகனுக்கு அதில் பாக்கி உண்டா என்று பாருங்கள். தானே சாப்பிட்டு டப்பாவை மூடிப் பையில் வைக்கிறானா? தன் முறை வரும்வரை காத்திருக்கிறானா? கேட்ட பொம்மை கிடைக்காதபோது என்ன செய்கிறான்? சீக்கிரம் படிக்க வந்த பிள்ளைகள் பலருக்கு இங்கேதான் கற்க நிறைய இருக்கும்.

அதற்காக அவன் சலிப்பைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் காரணம் உண்மையில் பாடம்தானா என்று முதலில் பாருங்கள். “ஸ்கூல் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டால் ஒன்றும் வராது. “இன்னைக்குப் பக்கத்துல யாரு உட்கார்ந்தா? சாப்பிடும்போது யாரு பேசினா?” என்று கேளுங்கள். பாடம் தெரியும் என்பவன் பல நேரம் சத்தத்துக்கோ தள்ளிவிடும் பையனுக்கோ பயந்திருப்பான்.

அப்புறம் மிஸ்ஸிடம் பேசுங்கள். “இவனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள்” என்று கேட்காதீர்கள், முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது நடக்காது. “வேலையை முடித்துவிட்டால் ஒரு கதைப் புத்தகம் எடுத்துக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

மகள் செய்தித்தாள் தலைப்பைச் சரளமாக வாசிக்கிறாள். எவ்வளவு புரிகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கவேண்டும். தமிழில் 247 எழுத்து என்று பயமுறுத்துவார்கள், ஆனால் அதில் 216 உயிர்மெய். கால், கொம்பு, விசிறி எல்லாம் பிடிபட்டுவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை எதையும் எழுத்துக்கூட்டிவிடும். ‘மானியக் கோரிக்கை’ என்றுகூட வாசிக்கும், பொருள் தெரியாமலே.

ஒரு சின்னச் சோதனை உண்டு. ‘கடல்’, ‘சங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே ககரம்தான், ஒலி மூன்று விதம். எழுதிக் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். சங்கில் வரும் ககரத்தைக் கடலில் வருவதுபோல அழுத்திச் சொன்னால் அவள் எழுத்தை அடுக்குகிறாள். பேச்சில் சொல்வதுபோலச் சொன்னால் அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். அடுத்து, படத்தை மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் வாசிக்கவைத்து, “ஏன் அழுதான்?” “அடுத்து என்ன செய்வான்?” என்று கேளுங்கள்.

1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள்: எழுத்தை ஒலியாக்கும் திறன், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன், இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்கள் மகளுக்கு முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது வளரப் பேச்சும் கதையும் வேண்டும். அதனால் படிக்கத் தெரிந்துவிட்டதே என்று வாசித்துக் காட்டுவதை நிறுத்தாதீர்கள். பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான்.

நேராக யூகேஜியில் போடச் சொல்லலாமா?

நான் சொல்லமாட்டேன். தேசியக் கல்விக் கொள்கை 2020 ஒன்றாம் வகுப்புக்கே 6 வயது என்கிறது. ஒரு வருடம் தாண்டி உட்கார்ந்தால் படிப்பு ஒத்துப்போகலாம், விளையாட்டில் எப்போதும் கடைக்குட்டியாக நிற்பான். அந்த வருடத்தை மிச்சம்பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

நன்றாகப் படிக்கிறான், ஆனால் எழுத்து கோணல்மாணல். “எழுதவே மாட்டேங்குறான்” என்று டயரியில் குறிப்பு வருகிறது.

கண்ணும் மூளையும் முந்திவிட்டன, விரல் இன்னும் நாலு வயதில்தான் இருக்கிறது. தான் எழுதுவது புத்தகத்தில் உள்ளதுபோல இல்லை என்று இவனுக்கே தெரிகிறது, அதனால் மறுக்கிறான். நாலுவரி நோட்டைக் கொஞ்ச நாள் மூடிவையுங்கள். சப்பாத்தி மாவு பிசையட்டும், கொத்தமல்லி இலை ஆயட்டும், துணி கிளிப்பை அழுத்தி மாட்டட்டும். தாம்பாளத்தில் ரவையைப் பரப்பி விரலால் ‘ழ’ போடட்டும். நீளப் பென்சிலைவிட விரலளவுத் துண்டுப் பென்சில் பிடிக்க எளிது. குறிப்பு எழுதிய மிஸ்ஸிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மகளுக்குக் கதைப் புத்தகமே படிக்க வரும். சொன்னால் பெருமையடிப்பதாக நினைப்பார்களோ?

தயங்காமல் சொல்லுங்கள் சார். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையை வைத்துத்தான் பார்க்கிறது. ஒரே வகுப்பில் பல நிலை இருக்கும் என்பது அந்த ஆசிரியருக்குப் புதிதல்ல. அவள் படித்த புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மூன்றரை வயது. எழுத்து, எண் எல்லாம் தானே கற்றுக்கொண்டான். ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்கிறான்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள் அம்மா. வயதுக்கு மீறிப் படிப்பதும் பேச்சும் புரிதலும் பின்தங்குவதும் சேர்ந்து வருவதற்கு ‘ஹைப்பர்லெக்சியா’ என்று பெயர், 1967இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அடிக்கடி தென்படுகிறது. உங்கள் பிள்ளைக்கு அதுதான் என்று நான் சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. காது கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு, குழந்தை வளர்ச்சி பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அரசு தரப்பில் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. படிப்பதை மட்டும் தடுக்காதீர்கள். “தண்ணீர் வேண்டும்” என்று எழுதிக் காட்டிப் பேசக் கற்றுத்தர அதுவே உதவும்.

மிஸ் போர்டில் எழுதியதில் பிழை கண்டுபிடித்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாளாம்!

சிரித்துவிட்டேன். அடுத்த முறை பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். பிழையைச் சொல்லவே கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பேரனுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்? (மதுரையிலிருந்து ஒரு பாட்டி)

வாங்கும் முன் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போங்கள் பாட்டி, பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. போனில் படிப்பதானால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நாலு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலாம் நிலைக்குத் தாவவேண்டாம், இரண்டில் தொடங்குங்கள். ஒரு பக்கம் அவன் வாசிக்கட்டும், மறுபக்கம் நீங்கள்.