எழுத்தை இப்போது முடிக்க வேண்டாம்

அண்ணன், களுவாஞ்சிக்குடியில் இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் 22 வயதாகிறது, கனடாவுக்கு அழைக்க விண்ணப்பிக்குமுன் கலியாண எழுத்தை, அதாவது திருமணப் பதிவை, முடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். எழுத்து முடிந்தால் அவள் சட்டப்படி உங்களில் தங்கிவாழும் பிள்ளை அல்ல. தாலி பிறகுதான் என்பது அங்கே எடுபடாது. நிரந்தர வதிவிடம் கைக்கு வரும்வரை அவள் மணமாகாதவளாகவே இருக்க வேண்டும்.

முழுமையான விண்ணப்பம் கனடா குடிவரவுத் துறைக்குக் கிடைக்கும் நாளில் அவளுக்கு 22 வயது ஆகாமல் இருக்கிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். பிறகு எவ்வளவு இழுபட்டாலும் பயமில்லை. ஆனால் ஒரு கையொப்பம் விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்குள் பிறந்தநாள் கடந்துவிடும். என் தம்பியின் மகனுக்கு இப்படித்தான் நடந்தது. இன்றும் மனம் ஆறவில்லை.

பிறப்புச் சான்றிதழை நாளையே பிரதேச செயலகத்தில் எடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பிக்கச் சொல்லுங்கள். நீங்கள் குடியேறியபோது உங்கள் விண்ணப்பத்தில் அவள் பெயரைக் காட்டியிருந்தீர்களா? அதை உடனே எழுதுங்கள்.