சாளை வரத்து: வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

கேள்வி: குளச்சல் பக்கம் ஃபைபர் படகில் சாளை (மத்தி மீன்) வலை போடுகிறோம். கடல் சூட்டை வைத்து அடுத்த சீசன் வரத்தைக் கணிக்க முடியுமா? இன்காய்ஸ் (மத்திய அரசின் கடல் தகவல் மையம்) தரும் மீன்வள வரைபடம் போதாதா?

பதில்: அந்த வரைபடம் இன்று மீன் எங்கே கூடும் என்று காட்டும். கடலில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது. செயற்கைக்கோள் பார்க்கும் மேல்நீர்ச் சூடும் பாசி நிறமும்தான் அதற்கு ஆதாரம். ஆனி ஆடியில் மேகம் மூடினால் அதுவும் அரைகுறை. ஆனால் சாளையின் ஆண்டு தீர்மானமாவது அந்த மாதங்களில்தான்.

தென்மேற்குக் காற்று கரையோர மேல்நீரை வெளியே இழுக்க, குளிர்ந்த அடிநீர் ஏறிவருகிறது. மே மாதம் 29, 30 டிகிரியில் இருந்த நீர் ஆகஸ்டில் 26 அளவுக்கு இறங்குவது இதனால்தான். அடிநீரின் சத்தில் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகும். சாளை முட்டையிடுவதும் பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. பொரித்த குஞ்சுக்கு அப்போது தீனி கிடைத்தால் பிழைக்கும். காற்று வலுவில்லாமல் பாசி பிந்தினால் சாகும். அதற்காகக் குளிர்ச்சி கூடக்கூட நல்லது என்று எண்ண வேண்டாம். அடிநீர் மிதமிஞ்சி ஏறினால் பிராணவாயு குறைந்த நீரும் கரைக்கு வரும், சாளை ஒதுங்கிவிடும்.

இதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டரை ஆண்டு. கைவசம் பழைய மீன் இருப்பு கிடையாது என்பதால் ஓரிரு மோசமான ஆண்டே போதும். கேரளத்தில் 2012இல் 3.9 லட்சம் டன் கிடைத்தது, 2021இல் சுமார் 3,300 டன்தான். அளவுமீறிப் பிடித்ததற்கும் அதில் பங்குண்டு, கடலை மட்டும் குறை சொல்ல முடியாது.

நீங்கள் செய்யக்கூடியது: செப்டம்பரிலிருந்து வாரத்துக்கு ஒருமுறை, ஒரே தடவை வலை போட்டதில் வந்த மீனிலிருந்து பெரிது சிறிது என்று பொறுக்காமல் 50 மீன் எடுத்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளந்து, மொத்தமாக எடை போட்டு எழுதி வையுங்கள். சாளை வலை குறிப்பிட்ட அளவு மீனைத்தான் சிக்கவைக்கும். அதனால் கரைமடியில் (கரையிலிருந்து இழுக்கும் வலையில்) வந்த மீனையும் கேட்டு வாங்கி அளக்க வேண்டும். 10 முதல் 14 செ.மீ. மீன் நிறைய இருந்தால் இவ்வாண்டுக் குஞ்சு தேறியிருக்கிறது. 16 செ.மீ.க்கு மேல் மட்டுமே என்றால் அது பெரும்பாலும் போன ஆண்டுக் கூட்டம். அது தீர்ந்தபின் வலை காலியாகத்தான் வரும்.

நீளம் அதே, எடை மட்டும் வாராவாரம் குறைகிறதா? தீனிக்குப் போட்டி. 2024இல் கேரளத்தில் குஞ்சு ஏராளமாகத் தேறியும் மீன் வளராமல் நின்று விலை சரிந்தது இப்படித்தான். எனவே பொடி மீன் குவிந்த வாரத்தில் புது வலைக்குக் கடன் வாங்காதீர்கள். நவம்பர் எடையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.